பட்டு என்று நான் சொன்ன சேலை

அக்கா,

இன்று காலை பாய் கடையில் பால் சேர்க்காத தே ஓ குடித்துவிட்டுக் கிளாசைத் தூக்கினேன். அடியில் கிடந்த பத்திரிகைத் தாளில் வட்டமாக ஒரு கறை. எழுந்து போக மனசு வரவில்லை. அது காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் வெளுத்து, ஓரம் மட்டும் கருத்து, நேற்று அச்சடித்த தாள் ஐம்பது வருஷத்துப் பழசாகிவிட்டது. உங்கள் சமையலறை வாசனை அப்படியே மூக்கில் ஏறியது. கொதித்த தேயிலை, மைதாப் பசை, ஈரத் துணி.

உடனே சந்தேகங்களும் வந்தன. வராமல் இருக்குமா? நேற்று வடித்த தேயிலையையே பாய் இன்றும் வடிக்கிறாரோ என்று ஒன்று. பக்கத்து மேசைக்காரன் என் தாளையே பார்க்கிறானே, எடுத்துப்போய் அந்தக் காலத்துப் பேப்பர் என்று யார் தலையிலாவது கட்டிவிடுவானோ என்று இன்னொன்று. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஆனால் தேயிலைக் கறையைப் பார்த்தால் கொஞ்ச காலமாக முதலில் வந்துகொண்டிருந்த சந்தேகம், உங்களைப் பற்றியது, அது மட்டும் வரவில்லை. அது எப்படிப் போனது என்று முதலில் உங்களிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கையெழுத்து கோணலாக இருக்கும். ஆறாம் வகுப்புக்கு அடுத்த புகுமுக வகுப்போடு படிப்பை விட்டவன். ஊரில் ஐந்தாம் படிவம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் மரியாதைக்காக மூன்றாம் படிவம் என்றேன். நீங்கள் அதற்கும் தலையை ஆட்டினீர்கள்.

உங்களை நான் முதலில் பார்த்ததே சந்தேகத்தோடுதான். பழைய சாமான் சந்தையில், நல்லபடியாக உடுத்திய ஒரு பெண்மணி, என் புளோக்கிலேயே மூன்றாவது மாடியில் இருப்பவர், முன்பின் தெரியாதவர்களுடைய கல்யாணப் போட்டோக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நின்றுபோன கடிகாரத்தின் முள், ஒற்றைக் காதுத்தோடு, யாரோ யாருக்கோ எழுதிய கடிதம். இதெல்லாம் எதற்கு? யாருக்குச் செய்வினை வைக்கப்போகிறார்? மூன்று ஞாயிறு பின்னாலேயே வந்தேன். டாக்சி மாற்றி டாக்சி மாற்றித் தொடர்ந்தேன் என்று பிற்பாடு எல்லாரிடமும் சொன்னேன். நடந்துதான் வந்தேன். மூன்றாவது ஞாயிறு நீங்கள் சட்டென்று திரும்பினீர்கள்.

“என்ன தம்பி, மூணு வாரமா பின்னாலயே வர்றே. வர்றதுதான் வர்றே, இந்தப் பையைப் பிடி லா. கை வலிக்குது.”

பிடித்தேன். ஒன்பது வருஷம் பிடித்தேன்.

பிறை வட்டாரத்துத் துணித் தொழிற்சாலையில் தைத்துத் தைத்து ஓய்வு பெற்றவர் நீங்கள். வீடு நிறைய வெட்டுத்துணி மூட்டை. நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். சரி, கிரேன் ஓட்டியவருக்குக் கீழே நின்று கொக்கி மாட்டியவன். கொக்கி மாட்டாமல் கிரேன் எதைத் தூக்கும்? வெள்ளைக்காரர்கள் கொலாஜ் என்று சொன்னதை நீங்கள் ஒட்டுப்படம் என்றீர்கள். பலகையில் துணியை இழுத்து ஒட்டி, அதன் மேல் தேயிலைத் தண்ணீரில் முக்கிய காகிதம், அதன் மேல் மெழுகுச்சாயம் போட்ட பாத்தேக் துணித் துண்டு, லேஸ், தீப்பெட்டிப் படம், ஒரு முகம், இரண்டு பொத்தான். காகிதத்தின் ஓரத்தை ஊதுபத்தியால் கருக்குவீர்கள். பூச்சி வராமலிருக்கப் பசையில் துத்தம். எல்லாவற்றையும் சேர்த்து ஊசியால் தைக்கும்போது, காகிதம் கிழியாமல் இருக்க மூச்சை அடக்கிக்கொள்வீர்கள். நானும் அடக்கிக்கொள்வேன், ஏதோ நான்தான் தைக்கிற மாதிரி.

விற்பது என் வேலை. சந்துக்குள் ஞாயிற்றுக்கிழமைக் கைவினைச் சந்தையில் மேசை போட்டால், இந்த லேஸ் ஒரு கவர்னர் மனைவியின் கைக்குட்டை என்று ஆரம்பித்துவிடுவேன். அந்த கவர்னருக்கு வாரத்துக்கு ஒரு மனைவி கூடிக்கொண்டே போனார். ஒருநாள் நீங்கள் பொறுக்க முடியாமல் சொன்னீர்கள்: “நான் பழசு மாதிரி செய்றேன் தம்பி. பழசுன்னு சொல்றது நீ. என்னை அதுல இழுக்காதே.”

அதனால்தானே ஒவ்வொரு படத்தின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டினீர்கள். புதுக் காகிதம், தேயிலை. தொழிற்சாலைத் துணி. பழைய பொத்தான். என்ன இருக்கிறதோ அது மட்டும், குண்டு குண்டான எழுத்தில். முன்னால் நின்று நான் அளப்பேன், பின்னால் உங்கள் சீட்டு உள்ளதைச் சொல்லும். வாங்குகிறவர்கள் அதிகமாகப் படத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை என்பதால் நாம் இருவரும் ஒத்துப்போனோம்.

அப்புறம்தான் ஈப்போ ஊர்க்காரர் ஒருவர் வந்தார். அம்மாவின் ரவிக்கையைக் கொடுத்து, இதை வைத்து ஒரு படம் செய்துகொடுங்கள் என்றார். அவர் போனதும் பிரித்துப் பார்த்தோம். செல்லரித்துப்போய், தொட்ட இடமெல்லாம் பொடி. நீங்கள் வேறொரு ரவிக்கைத் துணியைத் தேயிலையில் முக்கி, வெயிலில் காய வைத்து, அதைத் தைத்தீர்கள். அந்தப் பொடியை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு உள்ளே வைத்து மூடினீர்கள். சீட்டில் துணி, நூல், காகிதம் என்று மட்டும் எழுதினீர்கள். அவர் வந்து, படத்தை முகத்தோடு வைத்துக்கொண்டு, அம்மா வாசனை வருகிறது என்று அழுதார். நான் கூரையைப் பார்த்தேன்.

“அழறதுக்கு அவருக்கு ஒரு துணி வேணும் தம்பி,” என்றீர்கள் பிறகு. “அம்மாவும் உள்ளதான் இருக்காங்க.”

சரிதான் என்றேன். ஆனால் என் மனசில் ஒரு கொக்கி விழுந்துவிட்டது. இவர் துணியை மாற்றினால் பெற்ற பிள்ளைக்கே தெரியாது. சீட்டில் சொல் குறைந்தால் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது.

என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் கழித்து, அவள் சேலையை உங்களிடம் கொடுத்தேன். கல்யாணத்துக்கு நான் எடுத்த காஞ்சிபுரம் பட்டு. அரக்குச் சிவப்பு, அசல் சரிகை, தூக்கினால் கை இறங்கும். இந்தக் கதையை முப்பது வருஷமாக ஊருக்கே சொல்லியிருக்கிறேன், சொல்லச் சொல்லச் சரிகையின் அகலம் கூடியது. அவள் கடைசியாகக் கட்டி மடித்து வைத்ததைப் பிரிக்காமல் அப்படியே தாளில் சுற்றிக் கொடுத்தேன். பிரிக்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “இதுல வெட்டணும் தம்பி. பரவாயில்லையா?” என்று இரண்டு தரம் கேட்டீர்கள்.

ஒரு மாதம் கழித்து, மேசையில் வைத்தே படத்தைக் கொடுத்தீர்கள். வெளிறிப்போன செங்கல் நிறம். சரிகை இல்லை. நடுவில் ஒரு கிழிசல், அதை ரோஸ் நூலால் தைத்திருந்தது, சுற்றிப் பொத்தான்கள். பழசாகக் காட்டக் கிழித்துத் தைத்த வேலை என்றே நினைத்தேன். திருப்பினேன். சீட்டில், சேலை, தம்பி வீட்டம்மாவுடையது என்று இருந்தது. பட்டு என்று இல்லை.

எனக்கு ஈப்போக்காரர் முகம் வந்தது. அந்தச் சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

“என்னையும் தேயிலைத் தண்ணியில முக்கிட்டீங்களா அக்கா? என் பொண்டாட்டி பட்டு எங்கே? யாருக்கு வித்தீங்க?”

பக்கத்து மேசையில் பாத்தேக் விற்கிற அம்மா எழுந்தே நின்றுவிட்டார். சாவிவளையம் விற்பவர், ஊறுகாய் பாட்டில்காரர், எல்லாரும் பார்த்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், பிறகு அவர்களைப் பார்த்தீர்கள். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டீர்கள்.

“அது அவங்க சேலைதான் தம்பி,” என்று மட்டும் சொன்னீர்கள். பையை எடுத்துக்கொண்டு நடந்தீர்கள். அந்தப் பையை அன்று நான் பிடிக்கவில்லை.

நீங்கள் அதற்குப் பிறகு மேசைக்கு வரவில்லை. சந்தில் பேச்சு மட்டும் வந்தது. அந்தக்கா பழைய துணியை மாத்திருவாங்களாம். கொடுத்தவங்க ஜாக்கிரதை. நான் மறுக்கவில்லை. லிப்டில் உங்களைப் பார்த்தால் படியில் ஏறினேன். எட்டு மாதம் ஏறினேன். மூட்டு தேய்ந்ததே தவிர மனசு இறங்கவில்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார்கள். அனுதாபம் தேட ஒரு வழி என்று நினைத்தேன் அக்கா. அதையும் எழுதிவிடுகிறேன். உங்கள் காரியத்தன்று கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன், அப்போதும் உங்கள் வீட்டு அலமாரியில் அரக்குச் சிவப்பு தெரிகிறதா என்று என் கண் தேடியது.

பொங்கலுக்கு முன்னால், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து என் கொழுந்தியாள், வீட்டுக்காரியின் தங்கை, வந்தாள், வீட்டைச் சுத்தம் செய்ய. அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நான் வைத்திருந்த படத்தை இழுத்து எடுத்தாள்.

“அத்தான், இதை ஏன் இங்க போட்டு வெச்சிருக்கீங்க? எவ்வளவு அழகா இருக்கு.”

“அது மோசடி. கிட்ட வா, காட்றேன்,” என்றேன். நீங்கள் எந்தத் துணி வந்தாலும் முதலில் ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுவீர்களே, எந்தப் பசை பிடிக்கும் என்று பார்க்க. அதையே செய்தேன். ஒரு நூலை உருவி லைட்டரில் பிடித்தேன். உருகிச் சுருண்டு, குண்டூசித் தலை அளவுக்கு ஓர் உருண்டை ஆனது.

“பாத்தியா! பட்டா இருந்தா முடி கருகுற நாத்தம் வரணும், சாம்பலாகணும். இது நைலான் மாதிரி உருண்டுபோச்சு. நைலக்ஸ்! மாத்திட்டாங்க.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் படத்தை விளக்குக்குக் கிட்டே பிடித்ததும் நிறுத்திவிட்டாள். அந்த ரோஸ் நூலைத் தடவினாள்.

“அத்தான், இது நான் தச்சது. காவடி முள்ளுல மாட்டிக் கிழிஞ்சுது. சிவப்பு நூல் இல்லேன்னு ரோஸ்ல போட்டேன். அக்கா திட்டுனா. இது அக்கா சேலைதான்.”

“அது பட்டு.”

“அது எப்பவுமே நைலக்ஸ் அத்தான். நீங்கதான் பட்டுன்னு சொல்லிக் கொண்டு வந்தீங்க. அக்காவுக்குத் தெரியாதா? துவைக்கிறவளுக்குத் தெரியாதா? யார் கேட்டாலும், ஆமா பட்டுதான்னு சொல்லுவா. எங்களையும் சொல்ல வெச்சா.”

நான் உட்கார்ந்துவிட்டேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தட்டில் இருந்ததை வாங்கி, பட்டு என்று சொல்லிக் கொடுத்த பையன் நான்தான். அதை நானே மறந்துபோகும் அளவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் சேலையைப் பிரித்த அன்றே நீங்களும் ஒரு நூலை உருவியிருப்பீர்கள். உருண்டையைப் பார்த்திருப்பீர்கள். பட்டு என்று எழுத உங்கள் கை வராது. நைலக்ஸ் என்று எழுதி என் முகத்தில் அடிக்கவும் மனசு வரவில்லை. சேலை என்று எழுதினீர்கள். நான் கத்திய அன்று, சந்தே பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு சொல் போதும் உங்களுக்கு. உங்கள் பெயர் மிஞ்சியிருக்கும், என் பெயர் போயிருக்கும். வாயெடுத்து மூடினீர்களே, அந்தச் சொல்லைத்தான் விழுங்கினீர்கள். அந்தச் சந்தில் திருடி என்ற பெயரோடு செத்தீர்கள்.

அடுத்த ஞாயிறே படத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் பாத்தேக் அம்மா.

“தங்கச்சி, அக்கா துணியை மாத்தல. சேலை என் பொண்டாட்டியோடதுதான். அது பட்டே இல்ல. நான்தான் பொய் சொன்னேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “செத்தவங்களைப் பத்தி நல்லதாச் சொல்றீங்க. நல்ல மனசு லா அண்ணே.”

“நல்ல மனசு இல்லம்மா. நடந்தது.”

“போன மாசம்கூடத்தான் அந்த கவர்னர் பொண்டாட்டி உங்களுக்கு டீ போட்டுக் கொடுத்ததாச் சொன்னீங்க. அதுவும் நடந்ததா?”

சாவிவளையக்காரர் இன்னும் கெட்டிக்காரர். கொழுந்தியாளைக் கூட்டிப்போய் நிறுத்தினேன், அவள் தையலைக் காட்டினாள். அவர் என் காதோரம் வந்து, “தங்கச்சிக்கு எவ்வளவு கொடுத்துக் கூட்டிட்டு வந்தீங்க?” என்று கேட்டார். உங்களைப் பற்றி நான் சொன்ன பொய் ஒரே நாளில் சந்து முழுக்கப் பரவியது. உண்மையை ஒவ்வொரு மேசையாகச் சுமந்து போகிறேன், நம்ப ஆளில்லை. இத்தனை வருஷம் மற்றவர்களைச் சந்தேகப்பட்ட எனக்கு, சந்தேகத்தோடு பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆனாலும் போகிறேன். ஊறுகாய்க்காரர் போன வாரம் படத்தைத் திருப்பி உங்கள் சீட்டை வாய்விட்டுப் படித்தார். “உங்க மேல சத்தியமா?” என்றார். வழக்கமாக இருந்தால் அந்த இடத்தில் அழுகையை வரவழைத்து, உங்கள் கடைசி வார்த்தை என்று ஒன்றைச் சேர்த்து, கதையை நிற்க வைத்திருப்பேன். நாக்கு நுனிவரை வந்தது. “ஆமா” என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றேன்.

நான் ஆயிரம் கதை வைத்திருக்கிறேன் அக்கா, ஒவ்வொன்றும் சொல்லச் சொல்ல வளர்ந்தது. இந்த ஒன்றை மட்டும் முதல் மேசையில் எப்படிச் சொன்னேனோ அப்படியேதான் எல்லா மேசையிலும் சொல்கிறேன். ஒரு சொல் கூடவில்லை.