சிவப்பு மையில் சுழித்த குமிழி

நரிக்குடி,
12.9.2025

அன்பு மகள் பிரவீணாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும், நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கு அது போதும். இங்கே மழை இன்னும் இறங்கவில்லை. அம்மாவின் முழங்கால் வலி தேவலை. போனில் சொல்லலாம்தான், ஆனால் பயத்தில் பாதியை விழுங்கிவிடுவேன் என்று எனக்கே தெரியும், அதனால் எழுதுகிறேன்.

சித்திரக்கதைகளை ஆராய்வதற்கான கலைச்சொற்கள் என்று நீ எழுதும் புத்தகத்தைத் தமிழ் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தாய். நூலகத்தில் முப்பத்தொரு வருடம் அட்டை எழுதிய பழக்கம் விடவில்லை, ஒரே அச்சில் வார்த்த ஆளுக்கு வார்ப்புப் பாத்திரம், பிறகு கேலிச்சித்திரம், அங்கதம் என்று சொல்லுக்கு ஓர் அட்டை போட்டேன். கருத்தியல் மட்டும் மூன்று முறை படித்த பிறகே பிடிபட்டது. ஒரு படக்கட்டத்துக்குள் பேச்சுக்குமிழி யாருக்கு இருக்கிறது, யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறார்கள், எதை இயல்பு என்று நம்மை ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள் என்று கேட்கச் சொல்கிறாய். சரியாகத்தான் இருக்கும், அதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா தெரியவில்லை.

திரையில் பார்த்துத் திருத்த எனக்கு வராது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன், அது தவறாகிப் போனது. எடுத்துக்காட்டுக்கு நீ வரைந்த படங்களைக் கடையில் யாரோ பார்த்திருக்கிறார்கள், மறுநாள் காலையில் தங்கபாண்டி ஒரு பிரதியோடு நம் வாசலில் நிற்கிறார். நம் கண்மாயில் மண் அள்ளும் காண்டிராக்டரான அவரை, தொந்தி முன்னால் வர ஆள் பின்னால் வருவதாக வரைந்தால் இந்த வட்டாரத்தில் அடையாளம் தெரியாதா அம்மா. நான் உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன சார், ஒங்க மக என் வயித்த டேப்பு வச்சு அளந்திருக்கு போல" என்று சிரித்தார். அப்புறம் நீ வரைந்த கிராம சபைக் கட்டத்தில் விரலை வைத்து, "இந்தா, மூலையில குடையக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறது யாரு? வாய்க்கு மேல வட்டம் இருக்கு, உள்ள ஒரு எழுத்தக் காணோமே. நம்ம லைப்ரரி சாருதான?" என்றார். போகும்போது, பாப்பா பொங்கலுக்கு வருதாமே, பாத்து வரச் சொல்லுங்க என்றார். அதிலிருந்து வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன், அவர் சொல்லும் வரை அது நான் என்று எனக்குத் தெரியாது. அந்த வெற்றுக் குமிழியைச் சிவப்பு மையில் சுழித்து, ஓரத்தில் "எழுத்து விடுபட்டுள்ளது, கவனிக்க" என்று குறித்து வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக் கூட்டத்தில் ஆடு மேய்க்கும் பேச்சி எழுந்து, கண்மாயில் தோண்டிய பள்ளத்துத் தண்ணீரில் தன் இரண்டு ஆடுகள் விழுந்து செத்ததைச் சொன்னாள். தங்கபாண்டி, "ஏத்தா பேச்சி, ஆட்டுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கலயா நீயி" என்றதும் கூட்டமே சிரித்தது, நானும் சிரித்தேன். மண் அள்ள அனுமதித்த எல்லைக்கல்லைத் தாண்டி இயந்திரம் தோண்டியதைக் கரையில் நின்று கண்ணால் பார்த்தவன் நான். அன்று மாலை உனக்கும் அதைச் சிரிப்பாகவே சொன்னேன். நீ சிரிக்கவில்லை, அப்ப நீங்க என்னப்பா சொன்னீங்க என்று கேட்டாய். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடு என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், அப்படி இரண்டு தாள் எழுதியும் விட்டேன். அம்மா வாங்கிப் படித்துவிட்டு, "படத்தக் கிழிச்சா பள்ளம் மூடிக்கிருமாக்கும்? பேச்சி நேத்தும் அந்த வழியாத்தான் ஆட்டப் பத்திக்கிட்டுப் போனா" என்றாள். அந்தத் தாள்களை மடித்து வைத்துவிட்டேன். பயம் மட்டும் மடங்கவில்லை. மழை விழுந்தால் பள்ளம் நிறையும், இந்தத் தடவை ஆடா ஆளா என்று யார் கண்டது. அக்டோபர் இரண்டாம் தேதி மறுபடியும் கிராம சபை. அன்று எழுந்து நிற்பேனா, எனக்கே நிச்சயமில்லை. அதனால்தான் முதலில் உனக்கு எழுதிவிடுகிறேன். பெட்டியில் போட்ட தபாலைத் திரும்ப எடுக்க முடியாது, பிறகு வாயை மூடிக்கொண்டு வந்தால் உன்னோடு நான் எப்படிப் பேசுவேன். விடுபட்ட எழுத்து இது: "பேச்சி சொல்வது உண்மை. கல்லைத் தாண்டித் தோண்டியதை நான் பார்த்தேன்."

நம் குலசாமி உனக்குத் துணை இருக்கட்டும், கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. கூட்டம் முடியும் வரை டிக்கெட் மட்டும் எடுக்காதே, இதில் அப்பா சொல்வதைக் கேள். இன்னொன்றையும் மறந்துவிடாதே, நீ எனக்கு வரைந்த குமிழி சிறியது. எழுத்து அடங்கவில்லை என்றால் குமிழியைப் பெரிதாக்கு, சொல்லைக் குறைக்காதே.

உன் அப்பா,
வீ. கருத்தப்பாண்டி