கறிச்சட்டிக்குக் கீழே

மனோர் பார்க்,
4.11.1991

அன்பின் அத்தானுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதும் புருஷன் பெண்சாதி லண்டனில் நாங்கள் மட்டும்தானோ தெரியாது. நான் விடிய பிஸ்கற் பாக்டரிக்கு ஓட நீங்கள் நித்திரை. நீங்கள் பெற்றோல் ஷெட்டால் வர நான் நித்திரை. ஆரபி கிழிக்காமல் இருக்கக் கறிச்சட்டிக்குக் கீழேதான் எங்கள் தபால்.

12ஆம் திகதி காலை எனக்குக் கணக்கியல் பரீட்சை. லீவு எடுத்துவிட்டேன். வழமைபோல் இரண்டு மணிக்கு வீட்டில் நிற்பேன். நீங்களும் வழமைபோல் ஒன்றேமுக்காலுக்கு பிள்ளைக்கு வீடியோவைப் போட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் போங்கோ. பதினைந்து நிமிடம்தானே.

அன்புடன்,
வதனா

7.11.1991

அன்பின் வதனா,

ஊரில் வங்கியில் இருந்த எண்ணம் உனக்கு இன்னும் போகவில்லை. ஆரபிக்கு நாலு வயது. ஒரு தம்பி வேண்டாமா? கேட்டால், "பாஸ் பண்ணினாப் பிறகு பாப்பம்" என்கிறாய். பிள்ளை பெறவும் சேர்ட்டிபிக்கற் வேண்டுமோ? சரி, எழுது. கத்தரிக்காய்க் குழம்பு நல்லாயிருந்தது.

செல்வரத்தினம்

12.11.1991, விடிய

அத்தான்,

பரீட்சையைப் பின்னேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். நேற்றுத்தான் தபால் வந்தது. பாக்டரியில் காலை லீவை வெட்டி வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து நேரே போகிறேன். வர ஐந்தரையாகும். இன்றைக்கு மட்டும் போன் பண்ணி லீவு சொல்லுங்கோ. உங்களை எழுப்பப் பாவமாக இருந்தது. உங்களுக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்திருக்கிறேன்.

வதனா

14.11.1991

வதனா,

ஆஸ்பத்திரியில் உன்னோடு கதைக்க வாய் வரவில்லை. அன்றைக்குக் கந்தசஷ்டி, சூரன்போர். மகன் ஒருவன் வேண்டுமென்று உபவாசம் இருந்தேன். நீ சண்டை பிடிப்பாய் என்று சொல்லவில்லை. விரத நாளில் மீன்சட்டியைத் தொடுவேனா? உன் கடிதத்தைக் காணாமலே பூட்டிவிட்டுப் போனேன். பிள்ளை பசியில் தானே கேத்திலைப் போட்டிருக்கிறாள். கொதிதண்ணீர் வலக்கை முழுக்க ஊற்றுப்பட்டுவிட்டது.

தாய் வீட்டில் நின்றிருந்தால் இது நடந்திருக்குமா?

செல்வரத்தினம்

20.1.1992

அன்பின் அத்தானுக்கு,

பிள்ளையின் காயத்தை விசாரிக்கக் கவுன்சிலால் வந்த பெண் என்னைத்தான் கேட்டாள், எங்கே நின்றாய் என்று. உங்கள் தவநாயகி மாமியும், "நீ எங்கை பிள்ளை நிண்டனீ?" என்றா. உங்களை ஒருவரும் கேட்கவில்லை.

பதினைந்து நிமிடம்தானே என்று எழுதினவள் நான். அந்தப் பாவம் என்னைவிட்டுப் போகாது. உங்கள் பங்கை நீங்களும் ஒருநாள் சொல்லுவீர்கள் என்று இரண்டு மாதம் பார்த்தேன். எனக்கு இனி ஏலாது.

பாஸ் பண்ணிவிட்டேன். வெம்பிளியில் ஒரு ஒபிசில் வேலை. பாக்டரியில் என்னோடு நின்ற எமில்டா தன் வீட்டில் அறை தருகிறாள். ஆரபியின் விரல்கள் இன்னும் மடங்கவில்லை. இடக்கையால் எழுதப் பழக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பாருங்கோ, அவள் உங்களைத் தேடுவாள்.

சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். இந்தக் கடிதத்தை அதற்கு மேலேயே வைக்கிறேன்.

சந்திரவதனா