பெட்டி மேல் யாருடைய கொடி

இன்று காலை அடுப்பைத் துடைக்கக் கைக்கு அகப்பட்ட துணியை எடுத்தேன். பச்சை நிறம், முதுகில் எட்டாம் இலக்கம். சீசனுக்கு ஒரு கால்பந்துக் கழகம் மாறினீர்கள்; மிஞ்சிய சட்டைகளெல்லாம் என் குசினிக்கு வந்து சேர்ந்தன. என்னைத் திட்ட நீங்கள் இல்லையென்பதால் நானே திட்டிக்கொண்டு, அதைத் துவைத்துக் காயப்போட்டேன்.

நடுவில் ஆடுகிறவனை யாரும் பார்ப்பதில்லை என்பீர்கள். கோல் அடித்தவனைத் தோளில் தூக்குவார்கள். அவனுக்குப் பந்தைக் கொடுத்த நீங்கள் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருப்பீர்கள். சீசன் முடிந்ததும் எல்லாச் செயலாளர்களும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "அடுத்த வருசம் பாப்போம் தம்பி." ஒரு கழகமாவது "நம்ம ஆளு" என்று சொல்லி வைத்துக்கொள்ளாதா என்று எவ்வளவு ஏங்கினீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு வேறு தொல்லை. ஒருமுறை கண்டி மைதானத்தில் நீங்கள் போன வருடம் போட்ட நிறத்தைக் கண்டதும், உங்களுக்கு எதிராக விழுந்த கோலுக்கு எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். நாவலப்பிட்டி பஸ்ஸுக்குக் காத்து நின்றபோதும் நீங்கள் கோபப்படவில்லை. "யாரு அடிச்சாலும் தட்டு. எப்படியும் ஒரு வருசம் நான் அங்க ஆடியிருப்பேன்" என்றீர்கள்.

உங்களை எடுத்த அன்று நடந்த கூத்தைக் கேளுங்கள். பழைய கழகங்கள் எல்லாம் ஆளுக்கொரு கொடியோடு வந்து நின்றன. நான் வெள்ளைச் சீலை போர்த்திய பெட்டி மேல் யாருடைய கொடி என்று செயலாளர்கள் மல்லுக்கு நின்றார்கள். "நம்ம ஆளு" என்றார் ஒருவர். "அவரு எங்க ஆளு" என்றார் இன்னொருவர். காது கேட்டிருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் அணியில் கோல் காத்த திகன ஊர் நசீர் நானா கடைசியில் யாருடையதைப் போடுவதென்று என்னிடம் கேட்டார்.

"மாத்தி மாத்திப் போடுங்க. அவருக்குப் பழக்கந்தானே" என்றேன்.

சந்திக்குச் சந்தி கொடி மாறியதாம். சுடுகாட்டு வாசலில் அவரவர் கொடியை மடித்து எடுத்துக்கொண்டார்களாம், அடுத்த வாரம் மேட்ச் இருக்கிறதென்று. அன்று மாலை இதைச் சொல்ல நசீர் நானாவுக்கு வெட்கமாகப் போயிற்று.

"கடைசில மேல இருந்திச்சி நீங்க போட்ட வெள்ளச் சீல மட்டுந்தான் தங்கச்சி."

எனக்கு வருத்தமில்லை. எந்தக் கழகத்துக்கும் இல்லாமல், என் ஆளாகப் போயிருக்கிறீர்கள்.

இப்போதும் கண்டிக்குப் போகிற ஞாயிறுகளில் மைதானத்துப் பக்கம் எட்டிப் பார்க்கிறேன். யார் அடித்தாலும் தட்டுகிறேன்.