கல்வெட்டில் வேண்டாம் என்ற நாலு பக்கம்

என்ர மதி,

பிற்பகல் இரண்டு பதினேழு. விமான நிலையத்தில் பெட்டிகள் ஓடுகிற மூன்றாம் பெல்ட்டின் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் வந்து தோளைத் தொட்டார். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்து நீ வேலையிடத்தில் விழுந்ததையும், ஆஸ்பத்திரியில் முடிந்துபோனதையும் ஒரே மூச்சில் சொன்னார். மோட்டாரின் நாலு திருகாணியையும் திரும்பப் பூட்டிவிட்டுத்தான் எழும்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நீ கேட்டிருப்பாய்.

இன்றைக்கு இருபத்தாறாம் நாள். அழுகை இன்னும் வரவில்லை. பயம்தான் வருகிறது.

ஸ்பெயின்காரரை எதிர்த்து நின்ற அந்தப் பிலிப்பைன்ஸ் தலைவரின் நினைவுகளைப் பிரெஞ்சிலிருந்து தமிழுக்குக் கொண்டுவர, பாரிஸுக்கு வெளியே எங்கட செவ்ரானிலிருந்து வேலைக்குப் போகிற ரயிலில் இரண்டு வருஷமாய் எழுதினாயே, அதில் நீ திருத்தி முடித்தது ஒரே ஒரு அத்தியாயம். பதினாறு பக்கம். உன்ர முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகமாக அதையே அடிப்பம் என்று நினைத்தேன். உன்னைப் பற்றி நான் என்னத்தை எழுத? எனக்கு எழுத வராது. நீ எழுதினதையே கொடுக்கலாம்தானே?

லாச்சப்பலில் ரூ காய் தெருவில் அச்சகம் வைத்திருக்கிற சிவம் அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார்.

"தம்பி, கல்வெட்டெண்டால் தேவாரம், எங்கட மதிப் பிள்ளையின்ர படம், நன்றி நவிலல். நீர் என்னடாவெண்டால் பிலிப்பைன்ஸ்காரனைக் கூட்டிக்கொண்டு வாறீர்."

"அவ எழுதினது, அண்ணை."

"ஓம், நல்லாத்தான் எழுதியிருக்கிறா. காடு வெட்டுற கத்தியோட துவக்குச் சூட்டுக்கு முன்னால போற இடம் எனக்கே புல்லரிக்குது. உந்தக் கடைசி நாலு பக்கம்தான்..."

உனக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே சொந்தத் தோழன் ஒருவனைத் துரோகி என்று விசாரித்து, மலைக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். தண்டனைத் தாளில் தானும் கையெழுத்து வைத்ததாக அந்தத் தலைவர் எழுதுகிறார். அதற்கு ஒரு பந்திதான். மிச்சமெல்லாம் அன்றைக்குப் பெய்த மழை.

"சனம் இதைப் பிலிப்பைன்ஸ் எண்டு வாசிக்காது, தம்பி. எங்கட இயக்கத்தைத்தான் சொல்லுறா எண்டு வாசிக்கும். செத்த பிள்ளைக்கு ஏன் உந்தக் கெட்ட பேர்? எடுத்துவிடும். பன்னிரண்டு பக்கம் வடிவா மடியும்."

எனக்கு வியர்த்துவிட்டது, மதி. அவர் சொன்னதெல்லாம் நான் உனக்குச் சொன்னது. தை மாதம், குசினியில், நீ வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றபோது. "உதை விடன், எங்களுக்கேன் தேவையில்லாத சோலி?"

"பெல்ட் நிண்டால் மூடி வைச்சிட்டு வருவியளோ? திறந்து பாக்கிறதுதானே உங்கட வேலை" என்றாய் நீ. "அந்த மனுசனுக்குக் கை நடுங்கியிருக்குது. அதுதான் மழையைப் பற்றி எழுதுறார்."

நான் எழும்பிப் போய் டிவியைப் போட்டேன். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைப் பற்றி நாங்கள் கதைக்கவேயில்லை. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த அத்தியாயத்தையே முதலில் திருத்தி முடித்தாயே, அது என்னோடு கோபத்திலா?

சிவம் அண்ணையின் கடையில் கதைத்தது பின்னேரத்துக்குள் லாச்சப்பல் தமிழ்க் கடைகள் முழுக்கப் போய்விட்டது. உன்ர சித்தப்பா போன் எடுத்தார். "உதை அடிச்சால் எங்கட ஆக்கள் ஒருத்தரும் மண்டபத்துக்கு வரமாட்டம். யோசிச்சுச் செய்யும்." யோசித்தேன். அடுக்கி வைத்த கதிரைகளும் உன் படமும் நானும் மட்டும்.

இன்று காலை திரும்பவும் ரூ காய்க்குப் போனேன்.

"பதினாறும் அடியுங்கோ அண்ணை. அட்டையில வெளியிடுறவர் எண்டு என்ர பேரைப் போடுங்கோ. கேக்கிறவை என்னட்டைக் கேக்கட்டும்."

"உமக்கும் விசர் பிடிச்சிட்டுதோ?"

"ஓம் அண்ணை."

"அச்சகத்தின்ர பேர் வராது" என்றார். பிறகு பேனையை எடுத்து, ஏழாம் பக்கத்தில் நீ தவறவிட்டிருந்த ஒரு காற்புள்ளியைப் போட்டார். "நாளைக்குப் பின்னேரம் வாரும்."

எனக்குத் துணிவு வந்துவிட்டதென்று நினைக்காதே. கடையை விட்டு இறங்கினதும் திரும்பிப் போய் வேண்டாமென்று சொல்லத்தான் நினைத்தேன். நீ சொன்னது சரியா என்றுகூட எனக்கு இன்னும் தெரியாது. நீ எழுதினதை வெட்ட என் கை போகவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள், மண்டப வாசலில் நிற்பேன். வருகிற ஒவ்வொருவர் கையிலும் நானே கொடுப்பேன். திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்வேன். பேசினால் கேட்டுக்கொண்டு நிற்பேன், இந்தமுறை எழும்பிப் போகமாட்டேன். ஒருவருமே வராவிட்டால், பதினாறு பக்கத்தையும் உன் படத்துக்கு முன்னால் உரத்து வாசிப்பேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

சித்தப்பா திரும்பத் திரும்ப எடுக்கிறார். போனை நிப்பாட்டிவிட்டேன்.

உன்ர மனுசன்