தண்ணீர் இல்லாமல் ஓடிய இன்ஜின்

நான் செருமுவதை வைத்தே என் மனதைக் கண்டுபிடித்துவிடும் சரசுவுக்கு,

நம் மாலதி படகு வாங்கப் போகிறாள். சிரிக்காதே. லாபு தோட்டத்தில் செம்பனை மரங்களுக்கு நடுவில் வளர்ந்த பெண்ணுக்குக் கடல் மேல் என்ன ஆசை என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். பள்ளி விடுமுறையில் போர்டிக்சனிலிருந்து கரையோரமாகவே லங்காவி வரை போவார்களாம். அவள், மாப்பிள்ளை, நீ பார்க்காமல் போன உன் பேத்தி.

எந்தப் படகு என்று முடிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. “இன்ஜின் விஷயத்துல அப்பா சொன்னா சொன்னதுதான்லா” என்று மாப்பிள்ளையிடம் பெருமை வேறு. தோட்டத்துப் பட்டறையில் முப்பது வருடம் டிராக்டரையும் லாரியையும் பிரித்துப் பூட்டியவன்தான் நான். ஆனால் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. போர்டிக்சனுக்குப் போனால் நீ சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நிற்பாய், நான் செருப்புக்குக் காவல் இருப்பேன்.

முதலில் பார்த்தது இரட்டை பெட்ரோல் இன்ஜின் வைத்து மூக்கைத் தூக்கிக்கொண்டு பறக்கிற ஜாதி. மாப்பிள்ளைக்கு அதன் மேல்தான் கண். குழந்தைக்கு ஆகாது என்று ஒரே பேச்சில் தள்ளிவிட்டேன். இரண்டாவது, லுக்குட் பக்கம் கரையில் ஏற்றி முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தது. மீன்பிடி டிரவ்லர் சாயலில் கட்டிய சின்னப் படகு. கனத்த அடிப்பாகம், நின்று ஓட்ட ஒரு கண்ணாடி அறை, கீழே படுக்கை, ஓர் அடுப்பு. மெதுவாகத்தான் போகும். பார்த்ததுமே பிடித்துப்போனது எனக்கு.

ஒரே ஒரு டீசல் இன்ஜின் என்பதுதான் இடித்தது. லாரி நின்றுபோனால் ஓரமாகத் தள்ளிவிட்டு மரத்தடியில் உட்காரலாம். கடலில் எங்கே தள்ளுவது? பெரிய பெரிய கப்பல்கள் போகிற வழியில் இவர்கள் நின்றுவிட்டால் யார் ஒதுங்குவார்கள்?

படகு விற்கிற சீனப் பெரியவரோடு மாலதியும் மாப்பிள்ளையும் பத்திரம் பார்க்கப் போனார்கள். நான் மட்டும் படகில் நின்றேன். சாவி அதிலேயே இருந்தது. ஆறிக் கிடக்கிற இன்ஜினை நாமே ஸ்டார்ட் செய்து காதால் கேட்டால்தானே உண்மை தெரியும்? எல்லா வண்டியையும் அப்படித்தான் பார்த்து வாங்கினேன். முறுக்கினேன். ஒரே உதறலில் பிடித்துக்கொண்டது. என்ன சத்தம் தெரியுமா, அவ்வளவு சுத்தம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பக்கத்துப் படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர்தான் எட்டிப் பார்த்தார். “பாங், ஆயர் தாக் அடா கா?” அண்ணே, தண்ணீர் இல்லையா என்கிறார். அதற்குள் ரப்பர் கருகும் வாடை வந்துவிட்டது. படகு இன்ஜின் கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் சூடு தணியுமாம். உறிஞ்சுகிற பம்புக்குள் ரப்பர் சக்கரம் சுற்றுகிறது. தரையில் வைத்து வெறுமனே ஓட்டினால் சீக்கிரமே தீய்ந்துவிடும். டிராக்டர்காரனுக்கு அது எங்கே தெரிந்தது! படக்கென்று அணைத்தேன்.

மாலதி திரும்பி வந்து, “ஓக்கேயாப்பா?” என்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. “ஒண்ணுமில்லம்மா, நல்ல இன்ஜின்” என்று சொல்லிவிட்டேன். உடனே பேசி முடித்துவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை படகைத் தண்ணீரில் இறக்கிச் சோதனை ஓட்டம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நடுக்கடலில் இன்ஜின் கொதித்து நிற்பதும், பிள்ளை அழுவதும் கண்ணுக்குள்ளேயே நின்றன. வாயைத் திறக்கவும் பயம். அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று இனிமேல் யார் சொல்வார்கள்?

இன்று காலை மாலதி குழந்தைக்கு ஒரு மிதவைச் சட்டை வாங்கி வந்தாள். ஆரஞ்சு நிறம். அதைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்று கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள் உன் பேத்தி. அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை சரசு.

“மாலதி, அந்த இன்ஜின நான் தண்ணி இல்லாம ஓட்டிட்டேன்மா. பம்பு ரப்பரு தீஞ்சிருக்கும்.”

“எப்போ?”

“அன்னிக்கே. நீ கேட்டப்போ பயந்துகிட்டு சொல்லல.”

ஓடிய பிள்ளையைப் பிடித்து நிறுத்திக்கொண்டு சொன்னாள்: “படகு விக்கிற அங்கிள்கிட்ட சொல்லி வேற ரப்பர் மாத்திக்கலாம்லா. உள்ள ரப்பர் துண்டு அடைச்சிருக்கான்னும் பாத்துடலாம். அது சின்ன வேலைப்பா.” அப்புறம் கேட்டாள்: “வேற ஏதாச்சும் என்கிட்ட மறைச்சிருக்கீங்களா?”

படகைப் பற்றித்தான் கேட்டாள். “இல்லம்மா” என்றேன்.

இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நீ போன அன்று காலை அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு “என்னமோ இறுக்குதுங்க” என்றாய். வாயு, இஞ்சித் தண்ணீர் குடி என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மாலதியிடம் அதை நான் சொல்லவே இல்லை. “அம்மா ஒரு வார்த்தைகூட சொல்லாம போயிட்டாங்க” என்று அவள் இன்றுவரை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன். என்னை நீ மன்னித்தாயா? கேட்கக்கூட பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை படகு புறப்படுவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிடுகிறேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. அதற்குப் பிறகு “ஏறுங்கப்பா” என்று அவள் சொன்னால், நீச்சல் தெரியாத நான் ஏறி இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். “நீங்க வர வேணாம்” என்று சொன்னால் கரையிலேயே நிற்பேன். இரண்டில் எதற்கு நான் அதிகம் நடுங்குகிறேன் என்று உன்னிடம் சொல்ல வேண்டுமா?

உன் வீட்டுக்காரன்,
மாலதியின் அப்பா,
முனியாண்டி