ஷெரோனின்ர அறைக்கும் ஒரு அலாரம்

இஞ்சேருங்கோ,

நான் வேலைக்குப் போறன். சோறு குக்கரில இருக்கு. மீன்குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடுங்கோ.

நேற்று நீங்கள் இல்லாத நேரம் தீயணைப்புக்காரர் ரெண்டு பேர் வீடு வீடாப் புகை அலாரம் பாக்க வந்தவை. கறித்தூள் வறுக்கேக்க புகைக்குக் கத்தாமலுக்கு நான் அலாரத்தில மாட்டிவிட்ட ஷவர் தொப்பி அப்பிடியே கிடந்தது. கழட்டிக் கையில தந்தினம். எனக்கு வெக்கமாக்கூட இருக்கேல்லை. புதுப் பற்றரியும் போட்டுவிட்டினம்.

வீட்டில எத்தினை பேர் படுக்கிறியள் எண்டு அதில ஒராள் கேட்டார். மூண்டு எண்டு வாயில வந்திட்டுது. அப்ப பூட்டியிருக்கிற அறைக்கும் ஒரு அலாரம் வேணும், நாளைக்குக் கொண்டுவாறம் எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டினம்.

இண்டைக்குப் பத்து மணிக்கு வருவினம். பெத்த பிள்ளை ஷெரோனை நீங்கள் வீட்டை விட்டுப் போகச்சொன்ன நாளில இருந்து அந்த அறைப் பூட்டின்ர திறப்பு உங்களிட்டத்தான் கிடக்கு. திறந்துவிடுங்கோ. இஞ்ச ரெண்டு பேர்தான் எண்டு சொல்லுறதெண்டால் நீங்களே சொல்லுங்கோ.

எமில்டா

தொப்பியை எறிஞ்சுபோட்டன். இனித் தூள் வறுக்கேக்க அலாரத்துக்குக் கீழ நிண்டு புகை கலையத் துவாய் வீச ஒராள் வேணும். முந்தி அவள்தான் வீசுறவள்.