இறந்த பின் வைத்த கையெழுத்து

அப்பா,

பாரிஸின் லா சப்பலில் போட்டோக்கொப்பி எடுக்கும் கடையில் நேற்று ஒரு தாள் சூடாக என் கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் உள்ள நம் வீட்டை விற்ற உறுதிப் பத்திரம். கடைசிப் பக்கத்தில் நீங்கள் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். நீங்கள் இறந்து நான்கு வருடமாகிறது. கையெழுத்துக்கு வயது ஏழு மாதம்.

கடைக்காரர் உங்களை அறிந்தவர். தாளை நீட்டும்போதே பெயரைப் படித்துவிட்டார்.

"ஆர் ரீச்சர் இந்த ஆள்?"

"தெரிஞ்ச ஒராள்."

"கொக்குவில்லை காணி விக்கிற ஆக்களும் இருக்கினமே! உங்கட அப்பா எண்டா ஒரு பிடி மண்ணும் குடுத்திருக்க மாட்டார்."

அவருக்குத் தெரிந்த உங்கள் பெயரும் தாளில் இருந்த பெயரும் வேறு. இங்கே எல்லோரும் உங்களைச் சித்தப்பாவின் பெயரால்தான் அறிவார்கள். இடப்பெயர்வின்போது காய்ச்சலில் போன உங்கள் தம்பியின் மரணத்தை ஒருவரும் பதியவில்லை. அவருடைய கடவுச்சீட்டு மட்டும் தயாராக இருந்தது. அதில் நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். பிறகு எங்களை அழைப்பதற்காக, நான் அவருடைய மகள் என்று ஒரு பிறப்புச் சான்றிதழும் செய்வித்தீர்கள்.

பாரிஸ் புறநகரான பொண்டியில், நம் வீட்டுக்குள் இதனால் ஒரு குழப்பமும் வரவில்லை. அம்மா எந்தக் காலத்தில் உங்களைப் பெயர் சொல்லி அழைத்தார்? "இஞ்சருங்கோ" இரண்டு பெயருக்கும் பொருந்தியது. ஒருமுறை நகரசபை அலுவலகத்தில் கணவரின் பெயரை எழுதச் சொன்னபோது, அம்மா படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். வெட்கம் என்று நினைத்து அங்கிருந்த பெண் சிரித்தாள். மைத்துனரின் பெயரைக் கணவன் என்று எழுத அம்மாவுக்குக் கை கூசியது என்பது எனக்கு எவ்வளவோ காலம் கழித்துத்தான் விளங்கியது.

பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில் நான் உங்களை இதுபற்றி நச்சரித்தேன். கொக்குவில் வீட்டின் பத்திரத்தையாவது ஒழுங்குபடுத்துங்கள் என்றேன். "உறுதி ஊரில பெட்டிக்குள்ள கிடக்கு, ஆர் எடுக்கப்போறான்? உன்ரை கலியாணத்துக்குச் சீதனமாய் எழுதுவம்" என்றீர்கள். நான் கலியாணம் செய்யவில்லை. நீங்கள் எழுதவில்லை. உறுதி எழுதுவதென்றால் ஊருக்குப் போய் உங்கள் சொந்தப் பெயரில் ஒரு நொத்தாரிசின் முன் உட்கார வேண்டும். நீங்கள் என் கலியாணத்துக்குக் காத்திருந்தீர்களா, அதைச் சாட்டாக வைத்திருந்தீர்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பெட்டியை ஒருவரும் தொடவில்லை, அப்பா. உறுதி அங்கேயே இருக்கிறது. நீங்கள் விட்டுவந்த அடையாள அட்டைதான் போன வருடம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது காணாமற்போனது. யாரோ ஒரு முதியவர் அதைக் காட்டி நொத்தாரிசின் முன் நீங்களாகியிருக்கிறார். யார் செய்வித்தது என்று ஊரில் நாலு பெயர் சொல்கிறார்கள். நான் ஒன்றையும் நம்பவில்லை. நீங்கள் செய்ததைத்தானே அவரும் செய்தார் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் எழுதிவிட்டேன்.

அந்த வீட்டில் இப்போது உங்கள் தங்கை, மாமி, தனியாக இருக்கிறார். நிலஅளவையாளர் வந்து வேலிக்கரையில் நின்றபோதுதான் அவருக்கு விற்பனையே தெரியும். மூன்று மாதத்தில் வெளியேற வேண்டும் என்று வாங்கியவர் கடிதம் அனுப்பியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் நான் பிடித்த சட்டத்தரணி உருப்படியானவர். "தங்கச்சி, முதல் வேலை காணிப் பதிவகத்தில ஆட்சேபனை. இல்லாட்டி உவங்கள் இன்னொருத்தனுக்கும் வித்துப்போடுவாங்கள்" என்றார். மாமி அன்றைக்கே ஆட்டோ பிடித்துப் போய் அதைச் செய்தார். பொலிஸில் முறைப்பாடும் கொடுத்தார். இனி வழக்குத்தான், அதற்கு உங்கள் மரணச் சான்றிதழ் போதும் என்றார் சட்டத்தரணி. அதிலிருக்கும் பெயரை யோசிக்காமலே அனுப்பினேன். அடுத்த நாள் அழைத்தார்.

"தங்கச்சி, இது ஆரின்ரை?"

"அப்பாவின்ரை." கடவுச்சீட்டுக் கதையைச் சொன்னேன்.

"இதின்படி அங்கை செத்தது உங்கட சித்தப்பா. அப்பா இஞ்சை உயிரோட இருக்கிறார். ஏழு மாசத்துக்கு முன்னம் வீடும் வித்திருக்கிறார்."

"அப்ப நான்?"

"கடதாசியில நீங்கள் அவருக்குப் பெறாமகள்."

தம்பியின் மகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நூறு தரம் நானே சொல்லியிருப்பேன். அந்தச் சொல்லை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

பாரிஸில் இறந்தவர் நீங்கள்தான் என்று நான் சத்தியக் கடதாசி கொடுத்தால் மாமிக்கு வீடு மிஞ்சலாம். ஆனால் அந்தக் கடதாசி யாழ்ப்பாணத்தோடு நிற்காது. என் பிரெஞ்சுக் குடியுரிமையும், அதை வைத்துக் கிடைத்த அரச பாடசாலைக் கணித ஆசிரியர் வேலையும் அந்தப் பொய்ப் பிறப்புச் சான்றிதழின் மேல்தான் நிற்கின்றன. வாய் திறக்காவிட்டால் எழுபத்து மூன்று வயதில் மாமி தெருவுக்கு வருவார். இரண்டையும் பல நாட்கள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் வழி திறக்கவில்லை.

"நீ ஒண்டும் சொல்லிப்போடாதை பிள்ளை" என்றார் மாமி தொலைபேசியில். "நான் எங்கையாவது கோயில் மடத்தில கிடந்திட்டுப் போறன்." வைக்கிறேன் என்றவர் மறுபடி கேட்டார். "ஆனா மோனை, அண்ணை சாகேல்லையெண்டு வழக்கில முடிவானா, நான் அழுதது ஆருக்கு?"

வியாழக்கிழமை இங்கே ஒரு பெண் சட்டத்தரணியைப் பார்க்கப் போகிறேன். எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அவரிடம் காட்டத்தான் நேற்று உறுதியை நகல் எடுத்தேன். துணிச்சல் என்று நினைக்க வேண்டாம், பயமாகத்தான் இருக்கிறது. மாமியின் கேள்விக்கு வேறு பதில் கிடைக்கவில்லை.

அந்தச் சட்டத்தரணி முதலில் தந்தையின் பெயரைத்தான் கேட்பார். முப்பது வருடமாக இந்த நாட்டின் எல்லாப் படிவங்களிலும் அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் எழுதியவள் நான். இன்று காலை பொண்டி நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போது உங்கள் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். வந்தது சித்தப்பாவின் பெயர்.

வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.